மாடத்தி வரைந்து மறைத்த சுவர்கள்

இந்த வருஷம் மாடத்தி வரப் பிந்திவிட்டாள் என்று பத்து நாளாக நான் கோபமாக இருந்தேன். கார்த்திகை மழை விட்டுச் சுவரெல்லாம் காய்ந்துவிட்டது. கிறிஸ்மஸ் பண்டிகைக்கு இருபது நாள்கூட இல்லை. நம் தெருவில் இரண்டு வீட்டார் பொறுக்கமாட்டாமல் வேறு ஆளை வைத்து வெள்ளையடித்தும் முடித்துவிட்டார்கள். வரட்டும் அவள், வாசலிலேயே நிற்கவைத்துக் கேட்கிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தேன். அன்று காலை ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வாழைத்தார் ஏற்றிவரும் வண்டிக்கார அண்ணாச்சி தெருமுனையில் மாட்டை அவிழ்த்தார். மாடத்தியின் குடிசையும் அவர் ஊரில்தான். நான் நின்ற இடத்திலிருந்தே கேட்டேன்.

"அண்ணாச்சி, எங்க உங்க ஊரு மகாராணி? கால் நோவு கழுதைக்கா அவளுக்கா?"

அவர் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

"வாத்தியாரம்மா, உங்களுக்குச் சேதி வரலியா? மாடத்தி போய்ச் சேந்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சே. ஐப்பசி மழையில காய்ச்சலா கெடந்தா. ரெண்டே நாளுதான்."

மண்ணுக்குள் போய்விட்ட ஒருத்தியைப் பத்து நாளாகத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அண்ணாச்சி வழக்கம்போல ஒரு சீப்பு பழம் கொடுத்தார். அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன்.

மாடத்தி நம் சபையைச் சேர்ந்தவளல்ல. அவளுக்காக நம் ஆலய மணி அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் பெயரை யாரும் வாசிக்கப்போவதில்லை. ஆனால் நம் தெருவில் அவள் கைபடாத சுவர் இல்லை. அதனால்தான், ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நான், நம் மாதர் சங்கத்துக் கையெழுத்துப் பத்திரிகையில் இதை எழுதத் துணிந்தேன். உங்களில் பலர் அவளை அறிந்தவர்கள். நான் விட்டதை நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள்.

புதிதாக வந்த மருமக்களுக்காக அவள் யாரென்று சொல்லிவிடுகிறேன். கடற்கரையிலிருந்து வரும் கிளிஞ்சலை அவளே காளவாசலில் சுட்டு, சுண்ணாம்பாகக் கழுதைமேல் ஏற்றி, வீடு வீடாக விற்பாள். கேட்டவர்களுக்கு அவளே வெள்ளையும் அடித்துக் கொடுப்பாள். தாழைவிழுதின் நுனியை நசுக்கிச் செய்த மட்டை, இரண்டு மண்சட்டி, ஒரு கழுதை. அவ்வளவுதான் அவள் கூட்டம். ஒரு கொத்தனார் தன் ஆட்களோடு வந்து சேரும்படி கூப்பிட்டாராம். "அவன்கூடப் போனா அவன் சொன்ன செவத்துல அவன் சொன்னத அடிக்கணும். எனக்கு என் கழுத போதும்மா. அது ஒண்ணும் சொல்லாது" என்றாள் என்னிடம்.

நான் அவளைக் கண்டுபிடித்தது அவள் போன பிறகு. அதாவது, முதல் வருஷம் எங்கள் வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டுக் கழுதையை ஓட்டிக்கொண்டு அவள் போன மறுநாள். கொல்லைப்புறத்தில் பாத்திரம் துலக்க உட்கார்ந்தேன். சுவரின் அடியில் ஓடும் காவிப் பட்டைக்குச் சற்று மேலே எறும்புச் சாரி ஊர்வதுபோலத் தெரிந்தது. தண்ணீரை அள்ளித் தெளித்தேன். எறும்பு அசையவில்லை. குனிந்து பார்த்தால், கரியால் வரைந்த எறும்புகள்! எட்டு எறும்புகள் ஒரு நெல்மணியைப் பல்லக்குப்போலச் சுமந்துகொண்டு போகின்றன. முன்னால் ஒன்று மேளம் அடிக்கிறது, பின்னால் ஒன்று குடை பிடிக்கிறது. கடைசி எறும்பு மட்டும் வரிசையைவிட்டு விலகி, என் சாம்பல் சட்டி இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறது. பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டுச் சிரித்தேன். வீட்டில் அவர்கள், வாத்தியாராகிய என் கணவர், பாடம் திருத்துவதை விட்டுவிட்டு ஓடிவந்து, எனக்கு என்னவோ ஆகிவிட்டதென்று நினைத்தார்கள். பிறகு அவர்களும் குனிந்தார்கள்.

அடுத்த வருஷம் வந்ததும் கேட்டேன், யார் சொல்லி வரைந்தாய் என்று.

"வெறும் வெள்ளையா விட்டா செவரு தூங்கிரும்மா. ஒண்ணாவது முழிச்சிருக்கட்டும்னு போட்டேன்."

சொல்லிவிட்டு, மட்டையைச் சுண்ணாம்பில் முக்கி எல்லா எறும்பையும் பல்லக்கையும் அடித்து மறைத்துவிட்டாள். நான் கையைப் பிடிக்குமுன் முடிந்துவிட்டது. அதுதான் அவள் வழக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். வெள்ளையடித்து முடித்ததும் அவளுக்குப் பிடித்த ஓரிடத்தில் ஒரே ஒரு படம். அதற்குக் கூலி கிடையாது, நாம் கேட்பதும் கிடையாது. அடுத்த வருஷம் அவள் கையாலேயே அதன்மேல் வெள்ளை. போதகர் வீட்டில், கண்ணாடி போட்ட பூனை ஒன்று எலிகளுக்குப் பிரசங்கம் செய்வதுபோல வரைந்ததும், ஒரு எலி மட்டும் தூங்கி வழிந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். போதகர் கோபிப்பார் என்று நாம் பயந்தோம். அவர் அந்த எலியைச் சுட்டிக்காட்டி, "இந்தச் சபையார் யாரென்று எனக்குத் தெரியும்" என்றார். அந்த மாதம் முழுதும் பிரசங்கம் சீக்கிரமே முடிந்தது.

அவள் வந்துபோனால் நம் கைகளுக்கும் ஏதோ ஆகிவிடும். அடுத்த வீட்டு ரூபி அக்காள் ஒரு பண்டிகைக்கு முந்திரிக்கொத்தையெல்லாம் ஆமையாகப் பிடித்துவைத்தது அவளைப் பார்த்துத்தான். "ஆமைக்குத் தல வச்சேன், நாலு காலு வச்சேன், தின்னத்தான் ஆள் வரமாட்டேங்குது. பாவமா இருக்காம்!" என்று அக்காள் தட்டோடு வீடு வீடாக அலைந்ததை மறப்போமா?

இனிமேல் சொல்லப்போவதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அவள் வரத் தொடங்கிய இரண்டாம் வருஷம், என் மகள் ஞானப்பூவுக்குப் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. குமாஸ்தா குடும்பம். மாப்பிள்ளையின் தாயார், சபைக்கு வேதம் சொல்லும் ஓர் உபதேசியாரின் மகள். பெண்பார்க்க வருவதற்கு இரண்டு நாள் முன்னதாக மாடத்தியைக் கூப்பிட்டு வீடு முழுக்க வெள்ளையடிக்கச் சொன்னேன். சாயங்காலம் வந்து பார்க்கிறேன், தலைவாசலை ஒட்டித் தரையிலிருந்து இறவாரம் வரைக்கும் ஒரு பனைமரம் நிற்கிறது. அதில் ஒரு மீன் ஏறிக்கொண்டிருக்கிறது. வாலில் பனையேறிகள் காலில் மாட்டும் தளைநார். இடுப்பில் அரிவாள் பெட்டி. தலையில் துண்டுக் கட்டு. உச்சியில் ஒரு காகம் பதனீர்க் கலயத்துக்குள் எட்டிப்பார்க்கிறது.

"மாடத்தி, என்னது இது?"

"பனையேறிக் கெண்டைம்மா. கொளத்துல கெடக்குல்லா, அதான். பேர மட்டும் வச்சிட்டு ஒருத்தரும் அதுக்குத் தளநாரு குடுக்கல. வெறும் வாலோட எப்படி ஏறும், பாவம்?"

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்று தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். என் அப்பா பனையேறி. தெற்கே தேரிக்காட்டில் ஒரு நாளைக்கு நாற்பது பனை ஏறி இறங்கியவர். ஏழு வயதில் என்னைப் பெண்கள் போர்டிங்கில் கொண்டுவிட்டு, படிக்கவைத்து, ஒரு வாத்தியாருக்குக் கட்டிக்கொடுத்தார். அந்தச் சம்பந்தக்காரர்களிடம் நாங்கள் சொல்லியிருந்தது, பெண்ணின் தாத்தா தேரிப் பக்கம் நிலபுலத்தோடு இருந்தவர் என்று. பொய் என்றும் சொல்லமுடியாது, பனையும் நிலத்தில்தானே நிற்கிறது.

"அழிச்சிரு. இப்பமே அழி."

"ஏம்மா, கெண்ட என்ன பாவம் பண்ணிச்சு?"

"நாளைக்கழிச்சு பொண்ணு பாக்க வாராவ. வாசல்ல பனமரம் நிக்கக் கூடாது."

அவள் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு மட்டையை எடுத்தாள். சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்போது அடியில் இருப்பது தெரியும், காயக் காயத்தான் மறையும். அவள் அடித்துவிட்டுச் சட்டியைக் கழுவப் போனபிறகும் மீன் அங்கேயே இருந்தது. நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் காகம் போயிற்று. அப்புறம் மரம். மீன்தான் கடைசி. ஆனால் நான் மரம் போகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன், மீனின் முகத்தைப் பார்க்கவில்லை.

சம்பந்தம் நல்லபடி முடிந்தது. கல்யாணத்துக்கு மறுபடி வெள்ளையடிக்க வந்தாள். இந்த முறை மஞ்சளைக் கரைத்து, நடுவீட்டில் நன்றாகக் காய்ந்த சுவரில் ஒரு மாப்பிள்ளை முகத்தைத் தீட்டினாள். சுண்ணாம்பில் மஞ்சள் பட்டால் சிவக்கும் என்பது நமக்குத் தெரியாததா? ஆனாலும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். "பைய பாருங்க. பொண்ணு பேரச் சொல்லுதேன், மாப்பிள்ளைக்கு வெக்கம் வருதான்னு பாருங்க" என்று சொல்லிவிட்டு, "ஞானப்பூ! ஞானப்பூ!" என்று சுவரைப் பார்த்துக் கூப்பிட்டபடி ஈரச் சுண்ணாம்பு விரலால் கன்னத்தைத் தொட்டாள். மாப்பிள்ளையின் கன்னம் இரண்டும் செக்கச்செவேல் என்று சிவந்தன. பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஞானப்பூ அடுப்படியைவிட்டு வெளியே வரவேயில்லை.

அன்று மத்தியானம் கொல்லையில் உட்கார்ந்து சோறு சாப்பிடும்போது சொன்னாள்: "உங்க அப்பா இருந்திருந்தா இன்னைக்கு எம்புட்டுச் சந்தோசப்பட்டிருப்பாவ."

"எங்க அப்பாவ உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாம? பதனி புளிக்காம இருக்கக் கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவணும்லா? தேரிக்காடு முழுக்க எங்க அம்மையும் நானும்தானே குடுத்தோம். மரத்து உச்சியில இருந்துக்கிட்டு, ஒத்தக் கண்ண மூடிக் கீழ பாத்துக் கூப்பிடுவாவ. 'ஏட்டி மாடத்தி, உன் சுண்ணாம்பு வெள்ளையா உன் பல்லு வெள்ளையா?' அப்பிடிம்பாவ. எறங்கி வந்து ஒரு ஓலப்பட்டை பதனி தராம விடமாட்டாவ. 'எம் மவள வாத்தியாருக்குக் குடுத்திருக்கேன், அந்தத் தெருவுக்குப் போனா நல்லா வெள்ளையடிச்சுக் குடு'ன்னு அவ்வொ சொல்லித்தானே நான் இங்கன வந்ததே." சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்: "அந்தக் கெண்டையோட மூஞ்சிய நீங்க பாக்கவே இல்லையாம்மா?"

அப்பாவுக்கு ஒரு படம் கிடையாது. போட்டோ பிடிக்கிறவர் முன்னால் அவர் ஒருநாளும் நின்றதில்லை. உலகத்தில் அவர் முகம் ஒரே ஓர் இடத்தில், ஒரே ஒரு சாயங்காலம் இருந்திருக்கிறது. அதைத்தான் நான் அழிக்கச் சொன்னேன்.

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலியே. அழின்னிய, அழிச்சேன்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு கார்த்திகையும் அவளிடம் கெஞ்சியிருக்கிறேன், அந்தக் கெண்டையை இன்னொரு தடவை வரைந்து கொடு என்று. ஒருதடவை அவள் வருமுன் நானே கத்தியை எடுத்துச் சுவரைச் சுரண்டினேன். எல்லாப் பூச்சும் ஒன்றாகப் பெயர்ந்து செங்கல்தான் தெரிந்தது. அவள் வந்து அந்தப் பள்ளத்தைப் பார்த்தாள். "செவத்த உரிச்சா கெண்ட துள்ளி வந்துருமா?" என்றாள். பள்ளத்தைப் பூசினாள். அதன்மேல் ஓர் அணில் புத்தகம் படிப்பதுபோல வரைந்தாள். கெண்டையை வரையவில்லை. "ஒருதடவ தானா வந்தான். மறுக்கா கூப்பிட்டா வேசங் கெட்டித்தான் வருவான். அது உங்க அப்பாவா இருக்காதும்மா." எனக்கு அவள்மேல் வருத்தம்தான். தலைக்கனம் என்றுகூட நினைத்திருக்கிறேன்.

போன வருஷம் வந்தபோது அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. கண்ணும் மங்கிவிட்டது. வெள்ளையடித்து முடித்தபின் தலைவாசல் பக்கம் வந்து நின்றாள். அடுப்புக்கரித் துண்டு ஒன்றை என் கையில் வைத்தாள்.

"நீங்க போடுங்க."

"நானா? ஏளா, எனக்குக் கோலப்புள்ளிகூட நேரா வராது."

"நேரா எதுக்கு வரணும்? உங்க அப்பாவ நான் பாத்தது சுண்ணாம்பு குடுக்குத நேரந்தான். நீங்க தோள்ல இருந்து பாத்தவுக."

மாட்டேன் என்று கரியைத் திருப்பிக் கொடுத்தேன். தெருவில் போகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதும் ஒன்று. சுவரில் பனைமரம் வந்துவிடக்கூடாது என்ற பழைய பயமும் ஒன்று. அவள் வற்புறுத்தவில்லை. அந்த வருஷம்தான் எங்கள் வீட்டில் ஒரு படமும் போடாமல் கழுதையை ஓட்டிக்கொண்டு போனாள். கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். முடியாமல்தான் போனாள் என்று இப்போது புரிகிறது.

அண்ணாச்சி சேதி சொன்ன பிறகு, வீட்டில் அவர்கள் ஓர் ஆளைப் பிடித்துவந்தார்கள். நன்றாகத்தான் அடித்தான். எல்லாச் சுவரும் ஒன்றுபோல இருந்தன. பண்டிகைக்கு ஞானப்பூவின் மாமியாரான எங்கள் சம்மந்தியம்மா, பேத்தி எஸ்தரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். எஸ்தர் இப்போது ஆறாம் வகுப்பு. என்னை ஒரு வகுப்பு தாண்டிவிட்டாள், எழுத்தும் என்னுடையதைவிட மணிமணியாக இருக்கும். இதைக்கூட அவள்தான் நல்ல தாளில் எழுதிக்கொடுத்தாள்.

ஒரு மத்தியானம் எல்லோரும் படுத்திருந்தபோது அடுப்படியில் கரி எடுத்துக்கொண்டு தலைவாசலுக்குப் போனேன். மரத்தை முதலில் போட்டேன். அது பனையா தென்னையா என்று மரத்துக்கே தெரியாது. பிறகு மரத்தின் பாதியில் அப்பா. மீனாக வரைய எனக்கு வராது, மனிதனாகவே போட்டேன். தலை பெருத்துவிட்டது, ஒரு கை நீண்டுவிட்டது. விடுமுறைக்கு நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் அப்பா தளைநாரைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் எல்லையில் நிற்பார். அதையும் அப்படியே தோளில் போட்டேன்.

"ஆச்சி, என்னது இது? கொரங்கா?"

எஸ்தர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி, அது உன் பூட்டன். எங்க அப்பா."

"பூட்டன் எதுக்கு மரத்துல நிக்காரு?"

எஸ்தருக்குப் பின்னால் சம்மந்தியம்மாவும் எழுந்து வந்து நின்றார்கள். நுங்கு வெட்ட ஏறியிருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. கரி பட்ட கையை எங்கே துடைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

"எங்க அப்பா பனையேறிம்மா. அதான் அவ்வொ வேல" என்றேன்.

சம்மந்தியம்மா சுவர் அருகே போய், கண்ணைச் சுருக்கி, மேலும் கீழும் பார்த்தார்கள்.

"தளநாரு தோள்ல கெடந்தா மனுசன் விழுந்துருவாருல்லா, சம்மந்தி" என்றார்கள்.

என் கையிலிருந்து கரியை வாங்கினார்கள். தோளில் இருந்ததைக் கட்டைவிரலால் தேய்த்து அழித்தார்கள். குனிந்து, இரண்டு பாதத்தையும் சேர்த்து ஒரு சுற்று, நடுவில் ஒரு முறுக்கு, உள்ளங்கால் மரத்தைக் கவ்வும்படி. கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் போட்டார்கள். "அருவாப் பெட்டிய இந்தப் பக்கம் வச்சா கை போவாது" என்று அதையும் மாற்றினார்கள். கூடவே இருந்து தினம் பார்த்த ஒருத்திக்குத்தான் அது வரும்.

"உங்க அப்பா உபதேசியார்லா, சம்மந்தி?" என்றேன் மெதுவாக.

"உபதேசியார் ஆனது பொறவுல்லா" என்றார்கள் சுவரைப் பார்த்தபடியே.

நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் வீட்டில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பதினான்கு வருஷமாக ஒருவர் முன் ஒருவர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மாடத்தியின் படம் ஒன்றுகூட இன்று நம்மிடம் இல்லை. எல்லாவற்றையும் அவளே மூடிவிட்டுப் போய்விட்டாள். அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தக் கோணல் கைதான். வெட்கப்படாமல் வெள்ளைச் சுவர் முன்னால் போய் நிற்க அது கற்றுக்கொண்டிருக்கிறது. வருகிற கார்த்திகையில் அப்பாவின் மேலும் வெள்ளையடிப்பேன். பிறகு அது என்ன வரையும் என்று எனக்கே தெரியாது.

சம்மந்தியம்மா ஊருக்குப் புறப்படும்போது, வண்டியில் ஏறுமுன் அடுப்படிக்குள் போய்வந்தார்கள். முந்தானை நுனியில் ஏதோ முடிந்திருந்தது, சேலையில் கரி படிந்திருந்தது. எந்தச் சுவருக்கு என்று நான் கேட்கவில்லை.